எத்தனை நிலைகள்? ஆர் மொழியின் எம்எஸ்டெஸ்ட் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

வளர்ச்சி, சரிவு போன்ற நிலைகளுக்கு இடையே ஒரு காலத்தொடர் மாறி மாறிச் செல்வதை விவரிப்பது மார்க்கோவ் நிலைமாற்ற மாதிரி. அதைப் பொருத்தப் பல மென்பொருள்கள் உண்டு. நிலைகள் இரண்டா, மூன்றா என்று முறையாகச் சோதிக்க உதவுபவை மிகக் குறைவு. ஒரே நிலைதான் என்று கருதிக்கொண்டால் நிலைமாற்ற நிகழ்தகவுகளை அடையாளம் காணவே வழியில்லை. ஆகவே இரண்டு மாதிரிகளில் எது தரவுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று அளக்கும் லைக்லிஹுட் விகிதத்தை வழக்கமான கை-வர்க்க அட்டவணையோடு ஒப்பிடுவது தவறு. இந்தத் தவறு இன்னும் நிறைய ஆய்வேடுகளில் தென்படுகிறது.

ரோட்ரிகெஸ்-ரொண்டன், டூஃபூர் இருவரும் உருவாக்கிய எம்எஸ்டெஸ்ட், ஆர் தொகுப்புகளின் களஞ்சியமான கிரான் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹான்சன் (1992), கராஸ்கோ-ஹூ-ப்ளோபெர்கர் (2014), டூஃபூர்-லூகர் (2017) சோதனைகள் இதில் இருந்தாலும் அவை ஒன்றுக்கு எதிராக இரண்டு என்பதோடு நின்றுவிடும். ஹான்சன் முறை தருவது பி-மதிப்பின் (சிறியதாக இருந்தால் குறைந்த நிலைகள் போதும் என்ற கருதுகோளை நிராகரிக்கச் சொல்லும் எண்) மேல்வரம்பு மட்டுமே. தொகுப்பின் உண்மையான பலம் எல்எம்சி (உள்ளூர் மான்டி கார்லோ), எம்எம்சி (பெருமமாக்கிய மான்டி கார்லோ) என்ற இரண்டு சோதனைகள்தான். கணினி உருவாக்கும் செயற்கைத் தொடர்களோடு, அதாவது உருவகத் தொடர்களோடு, உண்மைத் தரவை இவை ஒப்பிடுகின்றன. இரண்டுக்கு எதிராக மூன்று, பல மாறிகள் கொண்ட வார் மாதிரி எல்லாம் இவற்றில் முடியும்.

முதலில் எல்எம்சியை ஓட்டுங்கள். தரவை மடக்கை வேறுபாடாக்கி, அணியாக மாற்றிக் கொடுக்க வேண்டும். உருவகத் தொடர்கள் 99 வையுங்கள். 19 வைத்தால் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கவே இறங்காது. குறைந்த நிலைகள் போதும் என்ற கருதுகோளை எல்எம்சி நிராகரிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். எம்எம்சி அதே பி-மதிப்பை மற்ற அளவுருக்களின் மேல் பெரிதாக்கித் தேடுகிறது, அது குறைய வாய்ப்பில்லை. எல்எம்சி நிராகரித்தால் மட்டும் எம்எம்சிக்குப் போங்கள். தரவு குறைவாக இருந்தாலும் நம்பத்தக்க முடிவு அதுவே. பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டியதும் தேடலை நிறுத்தும்படி அமைத்தால் நேரம் பெரிதும் மிச்சமாகும்.

நேரம்தான் பெரிய குறை. ஒவ்வோர் உருவகத் தொடருக்கும் ஒப்பிடப்படும் இரண்டு மாதிரிகளையும் மறுபடி மதிப்பிட வேண்டும். சராசரி மாறும் மாதிரியில் பின்னடைவு 4 (முந்தைய நான்கு காலங்களின் மதிப்புகளைச் சேர்ப்பது) என்றால், இரண்டு நிலைகளுக்கு 32 சேர்க்கைகள், மூன்றுக்கு 243. கணினிச் செயலியின் பல கருக்களில் இணையாக ஓட்டும் வசதியைப் பயன்படுத்தாமல் மூன்று நிலைகளைத் தொடவே வேண்டாம்.

லைக்லிஹுட் விகிதம் எதிர்மறையாக வந்தால் இஎம் என்ற படிப்படியான மதிப்பீட்டு முறை ஏதோ ஓர் உள்ளூர் உச்சத்தில் சிக்கியிருக்கிறது. தொடக்கப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மாறுபாட்டெண்ணும் நிலைக்கு நிலை மாறலாம் என்று விட்டால், 2020-இன் இரண்டாம் காலாண்டு போன்ற ஒற்றைச் சரிவையே தனி நிலையாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்த நிலைக்கு எத்தனை காலாண்டுகள் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்காமல் மூன்றாவது நிலையை அறிவிக்காதீர்கள்.