ஃப்ராடு: மோசடியா, ஏமாற்றா?

‘ஃப்ராடு’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது ‘மோசடி’, ‘ஏமாற்று’ என்ற இரண்டும் போட்டிக்கு வருகின்றன. இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது.

‘ஏமாற்று’ என்ற சொல் ஏமாறுகிறவரின் பக்கம் நின்று பேசுகிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நண்பருக்காகக் காத்திருந்து, அவர் வராமல் போனாலும் ‘ஏமாந்தேன்’ என்கிறோம். அங்கே குற்றவாளி எவருமில்லை. நிலாவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டுவதும் ஏமாற்றுதான். ‘மோசடி’ அப்படியன்று, அதைச் சொன்னவுடன் திட்டமிட்ட ஒருவரும், பொய்க் கையெழுத்தும், கைமாறிய சொத்தும் கண்முன் வந்துவிடுகின்றன. மீனை எடை குறைத்துக் கொடுப்பவர் ஏமாற்றுகிறார். பிரான்சில் குடியேறியவரின் மனைக்குப் போலிப் பத்திரம் தயாரிப்பவர் செய்வது மோசடி. ஆகவே பொது எழுத்தில் ‘ஃப்ராடு’ என்பதற்கு ‘மோசடி’யே பொருத்தம் என்பது என் முடிவு.

சட்டத்துக்குள் நுழைந்தால் இந்தக் கணக்கு குழம்புகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தன் 415ஆம் பிரிவில் விளக்கிய குற்றம் ‘சீட்டிங்’, அதாவது ஏமாற்றுதல். ‘ஃப்ராடு’ என்பதற்கான விளக்கமோ 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கிறது. அதாவது, நம் காதுக்குக் கனமாகக் கேட்கும் சொல் உரிமையியல் பக்கமும், இலேசாகக் கேட்கும் சொல் சிறைத் தண்டனைப் பக்கமும் நிற்கின்றன. ‘சீட்டிங்’ வழக்கையும் நாளிதழ்கள் ‘மோசடி வழக்கு’ என்றே எழுதுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது ‘நம்பிக்கை மோசடி’ என்ற சொல்வழக்கைத்தான். ஒப்படைத்த பொருளைப் பின்னர் தனதாக்கிக்கொள்ளும் அந்தக் குற்றத்தில் தொடக்கத்தில் வஞ்சனை இருக்க வேண்டியதில்லை என்பதால், ‘நம்பிக்கைத் துரோகம்’ என்பதே சரியாக இருக்கும். இந்திய தண்டனைச் சட்டத்தில் இதை விளக்கிய பிரிவின் எண் 405. புதுச்சேரிக்கு அந்த எண் ஏற்கெனவே பழக்கமானது: 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் 405 என்பது ஏமாற்றிப் பொருள் பறிக்கும் குற்றம். 1963 அக்டோபர் 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோது, அதே எண் வேறொரு குற்றத்துக்கு உரியதாயிற்று.

பேச்சுவழக்கு இந்த நுட்பங்களைப் பொருட்படுத்துவதில்லை. ஏமாற்றுக் குற்றத்துக்குத் தண்டனை சொன்ன இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318ஆம் பிரிவு இருக்கிறது. ஆனாலும் ‘அவன் ஒரு ஃபோர் ட்வென்டி’ என்பதை எவரும் திருத்திக்கொள்ளவில்லை.