ரேஞ்சியும் கொழுந்தும்: பத்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஹட்டன் பகுதி ஆசிரியர்கள் சிலருக்காக நான் பராமரித்துவரும் வாசிப்புத் தளத்தில், மலையக நாட்டார் பாடல்களையும் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டெழுதிய நினைவுகளையும் மாணவர்கள் படித்து, வேண்டிய வரியைத் தெரிவுசெய்து, வண்ணமிட்டுக் குறிப்பெழுதுகிறார்கள். 2013இல் இதைத் தொடங்கியபோது தெரிவு தொடர்பான வேலை முழுவதையும் டிம் டவுன் எழுதிய ரேஞ்சி என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்திடம் ஒப்படைத்தேன்.

அன்று அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாடசாலைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் எக்ஸ்பி கொண்டவை. அதில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 8ஆம் பதிப்புக்கு மேல் நிறுவ இயலாது. அந்தப் பதிப்போ, குரோமும் பயர்பாக்ஸும் பின்பற்றிய தெரிவு நெறிமுறையை அறியாதது. பக்கத்தைக் கணுக்களின் மரமாகப் பார்க்காமல், எழுத்துகளின் ஒரே நீண்ட தொடராகப் பார்க்கும் தனிமுறை அதனுடையது. ரேஞ்சி இந்த இரண்டையும் ஒரே முகத்துடன் எனக்குக் காட்டியது. நான் ஒருமுறை எழுதிய நிரல் எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி ஓடியதைப் பார்த்த மாலை இன்னும் நினைவிருக்கிறது.

அது தீர்க்காத சிறு வேறுபாடுகளும் இருந்தன. விண்டோஸில் குரோம் இரட்டைச் சொடுக்கில் சொல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியையும் சேர்த்தே பிடிக்கும். மூன்று முறை சொடுக்கினால் தெரிவின் முடிவு அடுத்த பத்தியின் தொடக்கத்தில் போய் நிற்கும். இவற்றைச் சில வரி நிரலால் சீர்செய்துவிடலாம். கைப்பேசியில் கைப்பிடியை இழுத்துத் தெரிவுசெய்வோருக்குச் சுட்டி நிகழ்வை நம்பாமல், தெரிவு மாறும்போது எழும் நிகழ்வையே கேட்க வேண்டும்.

உண்மையான சோதனை வேறு இடத்திலிருந்து வந்தது. 2019இல் தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கொழுந்துங்கிற சொல்லுக்குத்தான் புள்ள வண்ணம் போட்டிருந்துச்சு. இப்ப அது பாதியில தொடங்கி அடுத்த சொல்லுல போய் நிக்குது" என்றார்.

அதற்கு முந்திய வாரம், ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய பழைய பாடல்களை ஒருங்குறியின் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணும் கணக்கில் ‘கொழுந்து’ முதல் வகையில் 8 அலகு, இரண்டாம் வகையில் 9 அலகு. நம் கண்ணுக்கோ 4 எழுத்து. ரேஞ்சியின் வண்ணமிடும் பகுதி தொடக்கத்தையும் முடிவையும் வெறும் எண்களாகச் சேமிக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் அப்படி மூன்று எழுத்துகள் சுருங்கியிருந்ததால், வண்ணம் மூன்று அலகு தள்ளி, ‘ழு’வின் உகரக் குறியில் தொடங்கியது. எந்த உலாவியில் திறந்தாலும் பிழை ஒன்றே. உலாவிகளை ஒன்றுபடுத்துவதற்கென எழுதப்பட்ட நிரலகத்தை இதற்காகக் குறைகூறுவது நியாயமன்று. தமிழ் எழுத்தை எண்ணும் பொறுப்பு என்னுடையது.

தெரிவைச் சேமித்து மீட்கும் பகுதியில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் பக்கத்துக்குள்ளேயே செருகிவைக்கிறது. அவற்றை நீக்குமுன் உரையைச் சேமித்துவிட்டால், அகலமற்ற ஒரு குறி சொல்லின் நடுவே தங்கிவிடும். பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் அகப்படாது. திருத்துநர் பக்கத்தில் இதை இருமுறை அனுபவித்தபின் அந்தப் பகுதியையே விலக்கிவிட்டேன்.

இப்போது எண்ணை நம்புவதில்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் வெளியிட்ட வலைக் குறிப்புரை மாதிரியில் உள்ளபடி, தெரிவுசெய்த சொற்களையும் அவற்றின் முன்பின் உரையையும் சேமிக்கிறேன். ஒப்பிடுமுன் இருபக்கத்தையும் ஒரே ஒருங்குறி வடிவத்துக்கு மாற்றுகிறேன். நாட்டார் பாடல்களில் பல்லவி அப்படியே திரும்பத் திரும்ப வருவதால் முன்பின் உரையும் சில இடங்களில் போதவில்லை. அங்கே மட்டும் பழைய எண்ணுக்கு மிக அருகில் உள்ளதைத் தெரிந்தெடுக்கிறேன். தெரிவின் விளிம்பு எழுத்தின் நடுவில் விழுந்தால், உலாவியின் எழுத்துப் பகுப்பானைக் கொண்டு முழு எழுத்துக்கு நகர்த்துகிறேன். பயர்பாக்ஸுக்கு அது 2024இல், 125ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை, விளிம்பில் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் ஓரலகு பின்செல்லும் சிறு நிரலை நானே எழுதியிருந்தேன். ‘க்ஷ’வைப் பகுப்பான் இரண்டாக வெட்டுகிறது என்பதால் அந்த நிரலில் ஒரு பகுதி இன்றும் உயிரோடிருக்கிறது.

2022இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவு முடிந்தபின், வாசிப்புப் பக்கத்திலிருந்து ரேஞ்சியை எடுத்துவிட்டேன். புதிதாகத் தொடங்குவோர்க்கு அது தேவைப்படாது என்பதே என் கருத்து. உலாவிகளின் சொந்த வசதியே போதும். பல பத்திகளுக்குக் குறுக்கே வண்ணமிட வேண்டிய திருத்துநர் பக்கத்தில் மட்டும் அதன் ஒரு பகுதி இன்னும் செவ்வனே உழைக்கிறது. பழைய வண்ணங்களில் இடம் கண்டுபிடிக்க முடியாதவை சில எஞ்சியுள்ளன. அவற்றை அந்த ஆசிரியை மாணவர்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகக் கையால் பொருத்திவருகிறேன்.