பழைய நிக்கான் லென்ஸுக்கு அடாப்டர் வாங்குவோர் கவனத்துக்கு: வளையத்தின் குறையை மறைக்க லென்ஸைப் பிரித்தார்கள்

பழைய நிக்கான் லென்ஸ்களை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவில் பொருத்துவதற்காக அடாப்டர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு கேமராக் கடையில் எனக்கு விற்கப்பட்ட அடாப்டர் வளையம் தரமற்றது என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். அந்த வளையத்தின் குறையை மறைப்பதற்காக, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், நன்றாக இருந்த லென்ஸைப் பிரித்து அதன் ஃபோகஸ் அளவையே மாற்றிவிட்டார்கள். குறை உங்கள் பழைய லென்ஸில்தான் என்ற இதே பேச்சை வேறு சிலரிடமும் பேசியிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்ததால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கோயில் சிற்பங்களைப் படமெடுப்பது என் வேலை. உயரத்தில் இருக்கும் கோஷ்ட (சுவர் மாட) மூர்த்தங்களையும் கோபுரத்துச் சுதைகளையும் எடுப்பதற்கு நிக்கான் 105 மி.மீ. எஃப்/2.5 ஏஐ-எஸ் லென்ஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதனுடன் 50 மி.மீ. எஃப்/1.8 டி, 24 மி.மீ. எஃப்/2.8 ஆகிய இரண்டும் உண்டு. சோனி ஏ7 வரிசையில் ஒரு கேமரா வாங்கியபோது, இந்த மூன்றையும் அதில் பொருத்த ஓர் அடாப்டர் தேவைப்பட்டது.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தால்தான் மோசடி நடந்த இடமும் புரியும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்), லென்ஸ் அமரும் உலோக விளிம்புக்கும் ஃபிலிம் அல்லது சென்சார் பரப்புக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம் இருக்க வேண்டும். பிரதிபலிப்புக் கண்ணாடிப் பெட்டி இல்லாத சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. ஆகவே நடுவில் சரியாக 28.5 மி.மீ. நீளமுள்ள ஒரு வெற்று உலோக வளையம் இருந்தால் போதும். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டியதில்லை. வளையம் செய்ய வேண்டிய வேலை இந்தத் தூரத்தைக் காப்பது ஒன்றுதான். அதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஃபோகஸ் இடம் மாறிவிடும்.

ஆட்டோஃபோகஸ் கதை வேறு. 50 மி.மீ. டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது; கேமராவில் இருக்கும் மோட்டார், மவுண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு திருகுமுனை வழியாக லென்ஸைச் சுழற்றும். அந்தத் திருகுமுனை சோனி கேமராவில் இல்லை. நிக்கான் நிறுவனமே தன் இசட் கேமராக்களுக்காக 2018-இல் வெளியிட்ட எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் இல்லாததால், அதில் இத்தகைய டி வகை லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆனால் சோனி, தன் பழைய ஏ மவுண்ட் லென்ஸ்களுக்காக 2020-இல் வெளியிட்ட எல்ஏ-இஏ5 அடாப்டருக்குள் மோட்டாரை வைத்தே கொடுத்தது. வளையத்துக்குள் மோட்டார் வைப்பது நடைமுறையில் கூடாத காரியமல்ல என்பதால், கடைக்காரர் தம்மிடம் இருக்கும் வளையத்திலும் மோட்டார் உண்டு, டி லென்ஸ் தானாகவே ஃபோகஸ் ஆகும் என்று உறுதியாகச் சொன்னபோது அது கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. விலை 14,500 ரூபாய். அங்கேயே பொருத்திப் பார்த்தபோது ஆட்டோஃபோகஸ் இயங்கவில்லை. ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருளை) புதுப்பித்தால் இயங்கும், அதற்கான கோப்பை அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். அது கடைசிவரை வரவில்லை. ரசீதில் "கேமரா உதிரிப்பொருள்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மாடல் பெயரை எழுதித் தரும்படி நான் கேட்டதற்கு, கணினியில் அப்படித்தான் பதிவாகும் என்று பதில் வந்தது.

கடைக்குள் எடுத்த படங்கள் எல்லாம் கூர்மையாகவே இருந்தன. மயிலாப்பூரில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையிலிருந்து கபாலீசுவரர் கோயில் கோபுரத்தை 105 மி.மீ. லென்ஸில் எடுத்தபோதுதான் குறை வெளிப்பட்டது. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி (மிகத் தொலைவுக்கான நிலை) வரை முழுவதும் திருப்பிய பிறகும் கோபுரம் மங்கலாகவே நின்றது. இன்னும் சற்றுத் திரும்பினால் கூர்மையாகிவிடும் என்னும் நிலையில் லென்ஸ் முட்டி நின்றுவிட்டது. அதோடு, வானம் பின்னணியாக இருந்த எல்லாப் படங்களிலும் நடுவில் வெண்மையாக ஒரு திரை படிந்திருந்தது. லென்ஸை வளையத்தோடு கழற்றிப் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வளையத்தின் உட்சுவர் கறுப்பாக இருந்தாலும் வழவழவென்று பளபளத்தது. நல்ல அடாப்டர்களில் உட்சுவர் வரிவரியாகக் கடையப்பட்டு, ஒளியை விழுங்கும் மங்கலான கறுப்புப் பூச்சுடன் இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லாததால் வானத்தின் ஒளி சுவரில் பட்டுச் சென்சார் மேல் சிதறியிருந்தது.

இந்த இரண்டு குறைகளையும் படங்களோடு கடையில் காட்டினேன். "சார், லென்ஸ் முப்பது நாப்பது வருஷப் பழசு. உள்ள ஃபங்கஸ் இருக்கும், செட்டிங்கும் மாறியிருக்கும். வளையத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டையும் வெச்சுட்டுப் போங்க, மெக்கானிக் பார்த்துச் சொல்லுவார்" என்றார் கடைக்காரர். லென்ஸைப் பிரிக்கக் கூடாது, வளையத்தைச் சோதிப்பதற்காக மட்டுமே அதைத் தருகிறேன் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பப் போனபோது, லென்ஸ் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது என்று 1,800 ரூபாய்க்கு இன்னொரு ரசீதை நீட்டினார்கள். தூரத்துக் கட்டடம் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அது கூர்மையாகத்தான் இருந்தது.

லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, ஃபோகஸ் வளையத்தின் ரப்பர் பிடி உரிக்கப்பட்டுப் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. பின்பக்கத் திருகுகள் இரண்டின் தலைகள் சிதைந்திருந்தன. ஒரு சீரான எதிர்ப்புடன் திரும்பிய ஃபோகஸ் வளையம் இப்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தது. அதே அடாப்டர் வளையத்தில் என் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், முன்பு போலவே எட்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் கூர்மையாகவில்லை. 105 மி.மீ. லென்ஸை நண்பர் ஒருவரின் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவில் மாட்டி, இன்ஃபினிட்டியில் நிறுத்தித் தொலைவிலிருந்த செல்பேசிக் கோபுரத்தைப் பார்த்தோம். வ்யூஃபைண்டரில் அது இரண்டாகப் பிளந்து தெரிந்தது; ஃபோகஸ் சரியாக இல்லை என்பதற்கு அந்தக் கேமரா காட்டும் அடையாளம் அது. என்ன செய்திருக்கிறார்கள் என்பதில் அதற்குப் பிறகு ஐயம் இருக்கவில்லை. வளையம் தடிப்பாக இருந்ததற்கு ஈடாக லென்ஸின் இன்ஃபினிட்டி நிறுத்தத்தையே நகர்த்தியிருக்கிறார்கள். அந்த ஒரு போலி வளையத்துக்கு மட்டும் பொருந்தி, முறையாகச் செய்யப்பட்ட வேறு எந்தக் கேமராவுக்கும் அடாப்டருக்கும் பொருந்தாத பொருளாக ஒரு நல்ல லென்ஸை ஆக்கிவிட்டார்கள். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் வளையத்தைக் கொடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கச் சொன்னேன். 28.5 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 28.82, எதிர்ப்பக்கம் 28.76 மி.மீ. இருந்தது. ஏறத்தாழ 0.3 மி.மீ. கூடுதல். இது பார்வைக்குத் தெரியாத அளவுதான். ஆனால் இந்தக் கூடுதலால் லென்ஸ் எட்டக்கூடிய மிகத் தொலைவான புள்ளி எங்கே வந்து நிற்கும் என்பதை, லென்ஸின் குவியத் தூரத்தை (105, 50 என்று மி.மீ.-இல் சொல்லப்படும் எண்) அதனாலேயே பெருக்கிப் பிசகின் அளவால் வகுத்துக் கணக்கிட்டுவிடலாம். 105 மி.மீ. லென்ஸுக்கு அது சுமார் 37 மீட்டர். 50-க்குச் சுமார் 8 மீட்டர். 24-க்கோ இரண்டு மீட்டருக்கும் குறைவு. கடைக்குள் எடுத்த படங்களில் குறை தெரியாததற்குக் காரணம் இதுதான். கடையில் எதுவும் எட்டு மீட்டர் தூரத்தில் இருப்பதில்லை. இரு பக்க அளவும் ஒத்துப்போகாததால் லென்ஸ் சாய்வாக அமர்ந்து, அகன்ற அப்பெர்ச்சரில் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) படத்தின் ஒரு விளிம்பு மட்டும் மங்கியது. வெளிப்புறத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பொன்னிற மின்தொடர்பு முனைகளின் பின்னால் ஒரு கம்பியும் இல்லை. மோட்டாரும் இல்லை, சிப்பும் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வளையத்தில் முனைகளை ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

விலை குறைந்த அடாப்டர் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸுக்கு எளிய வளையமே போதும். பின்னர் நான் வாங்கிய வளையம் அதில் பாதி விலைகூட இல்லை, நன்றாக இருக்கிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இன்ஃபினிட்டி எட்டாமல் போய்விடக் கூடாது என்று வளையத்தை ஒரு துளி குட்டையாகவே செய்வார்கள். அப்போது இன்ஃபினிட்டி குறிக்குச் சற்று முன்னதாகவே தூரக்காட்சி கூர்மையாகிவிடும். தூர அளவுகோலை நம்ப முடியாது என்பதைத் தவிர பெரும்பாலான லென்ஸ்களுக்கு அதனால் தீங்கில்லை. 24 மி.மீ. எஃப்/2.8 போன்றவை மட்டும் விதிவிலக்கு. அவற்றில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடித் தொகுதிகளுக்கு இடையிலான இடைவெளியும் மாறுவதால், அளவு பிசகிய வளையத்தில் ஓரங்களின் தரம் கெடும்.

ஆகவே வாங்கும் முன் கடைக்கு வெளியே வந்து, நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ நீர்த்தொட்டியையோ முழு அப்பெர்ச்சரில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களிடம் இருப்பவற்றில் மிக அகலக் கோண லென்ஸைக் கட்டாயம் கொண்டு போங்கள். வளையத்தின் பிசகை அதுதான் முதலில் காட்டும். எல்லா லென்ஸும் ஒரே திசையில் தவறினால் குறை வளையத்தில் இருக்கிறது. ஒரு லென்ஸ் மட்டும் தவறினால்தான் அந்த லென்ஸைப் பற்றிப் பேச வேண்டும். மின்தொடர்பு உள்ள அடாப்டர் என்று விற்றால், சிப் உள்ள லென்ஸைப் பொருத்திக் கேமராத் திரையில் அப்பெர்ச்சர் எண் வருகிறதா என்று பாருங்கள். எஃப் என்ற எழுத்துக்குப் பின் இரண்டு கோடுகள் மட்டும் தெரிந்தால் கேமராவுடன் அந்த வளையம் பேசவே இல்லை. ஆட்டோஃபோகஸ் உண்டு என்றால் அது அங்கேயே, அப்போதே இயங்க வேண்டும்.

இது நடந்து பல வாரங்களுக்குப் பிறகு, பழைய நிக்கான் லென்ஸ்களை நன்கறிந்த ஒரு முதிய மெக்கானிக் 4,500 ரூபாய்க்கு 105-இன் இன்ஃபினிட்டியைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்தார். சிதைந்த திருகுகளை மாற்றினார். ஃபோகஸின் பழைய வழுவழுப்பு முழுவதும் திரும்பவில்லை.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்து, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற அறிவிப்புப் பலகையைக் காட்டினார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பலகை எழுதி மாட்டுவதால் அது மாறிவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு வளையத்தின் விலையை மட்டும் தந்தார்கள். லென்ஸுக்கு நேர்ந்த சேதத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளித்திருக்கிறேன்; பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ரசீதுகள், அளவீட்டுக் குறிப்பு, லென்ஸைக் கடையில் விடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அதே கடையில் லென்ஸ் பிரிக்கப்பட்டவர்கள் யாரேனும் இருந்தால், ரப்பர் பிடியையும் பின்பக்கத் திருகுகளையும் இப்போதே படமெடுத்து, ரசீதோடு பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். மனு அளிக்க இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.