குதிரைக்குட்டியின் மூக்கில் மரு: கட்டுவதா, வெட்டுவதா, விட்டுவிடுவதா?

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். என் தாத்தா அங்கே குதிரைக்காரராக இருந்தவர். யாருக்காவது மரு வந்தால் குதிரைவால் முடி ஒன்றை எடுத்து அதன் அடியில் இறுக்கிக் கட்டிவிடுவார். குதிரைக்கே மரு வந்தால் என்ன செய்வார் என்று அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

போன வருடம் எங்கள் லாயத்தில் ஒன்றரை வயதுப் பெண்குட்டிக்கு உதட்டிலும் மூக்கைச் சுற்றியும் இருபதுக்கு மேல் வந்தன. சாம்பல் நிறம், சின்னச் சின்னக் காலிஃபிளவர் மாதிரி. மூன்று வயதுக்குள் இருக்கும் குதிரைகளுக்கு இது சகஜம். பாப்பிலோமா வைரஸ்தான் காரணம். சிறு கீறல் வழியாக உள்ளே போகிறது, மனிதருக்கு ஒட்டாது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முடி கட்டுவது முதலில் கழிந்தது. காம்புள்ள ஒற்றை மருவுக்கு அது சரி, உதடு முழுக்கப் பரவியதற்கு எங்கே கட்டுவது? கட்டினாலும் புண்ணாகும். நம் ஊர் வெக்கையில் புண்ணைத் தேடி ஈ வரும்.

மூத்த அண்ணன் ஒருவர், "நாலஞ்சைக் கிள்ளி விடும்மா, மிச்சம் தானா உதிரும்" என்றார். உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் சொல்வதுதான் இது. கிள்ளும்போது வைரஸ் ரத்தத்தோடு கலந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும் என்பது அதன் தர்க்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்பும்படியான சான்று இல்லை. அவரவர் குதிரையின் மருவிலிருந்தே தயாரிக்கும் தடுப்பூசிக்கும் இதே நிலைதான்.

திரவ நைட்ரஜனால் உறையவைப்பது இதைவிட நம்பகமானது. கண் இமையிலோ கடிவாளம் உரசும் இடத்திலோ ஒன்றிரண்டு இருந்தால் நானும் அதற்கே சம்மதிப்பேன். ஆனால் குட்டிக்கு மயக்க மருந்து வேண்டும், செலவும் உண்டு, உறைந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கலாம். இருபது மருவுக்கு இது தேவையில்லாத பாடு. மருவுக்குப் பூசும் இமிக்விமோட் களிம்பு கடுமையாக எரியும், பொருக்குத் தட்டும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

விட்டுவிடுவதுதான் என் கட்சி. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாக உதிரும்; சிலவற்றுக்கு ஒன்பது மாதம் வரை ஆகலாம். வடுவும் இருக்காது, அப்புறம் பெரும்பாலும் திரும்பவும் வராது. இதனால்தான் எல்லா வைத்தியத்துக்கும் நல்ல பெயர். மூன்றாம் மாதத்தில் எதைச் செய்தாலும் அதுதான் குணமாக்கியது போலத் தெரியும்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. அவளுக்குத் தனி வாளி, தனி பிரஷ், தனி தலைக்கயிறு வேண்டும். மற்ற குட்டிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் அவளிடம் போகவேண்டும்.

ஆனால் மரு என்று நினைப்பதெல்லாம் மருவல்ல, இங்கேதான் பயப்படவேண்டும். வயதான குதிரைக்கு வந்தாலோ, ஒற்றையாக வளர்ந்துகொண்டே போனாலோ, ரத்தம் கசிந்தாலோ, வயிற்றடியிலோ தொடையிடுக்கிலோ முடி கொட்டித் தடித்தாலோ அது சார்காய்டாக இருக்கலாம். மாட்டுக்கு வரும் பாப்பிலோமா வைரஸோடு தொடர்புள்ள கட்டி அது. அரைகுறையாகக் கிள்ளினால் முன்னைவிட வேகமாக வளரலாம். நம் கிள்ளும் பழக்கத்தை நான் இவ்வளவு எதிர்ப்பது இதனால்தான். காதுக்குள் வரும் வெள்ளைத் திட்டு இன்னொரு ரகம். அது தானாகப் போகாது. தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விடலாம்.

எங்கள் குட்டிக்கு நான் ஊரில் இல்லாத நாளில் ஒருவர் உதட்டின் இடது பக்கத்தில் மட்டும் அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவிவிட்டார், பாசத்தில்தான். தோல் வெந்து, பத்து நாள் தலைக்கயிறு போடவே விடவில்லை. நான்காம் மாதம் இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் உதிர்ந்தன.

அதற்குள் பக்கத்துக் கொட்டடிக் குட்டிக்கு வந்துவிட்டது. தொற்றி வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். நாங்கள் கவனிக்கும் முன்பு இரண்டும் ஒரே வாளியில் தண்ணீர் குடித்திருந்தன. இந்த முறை எதையும் தடவவில்லை, வாளியை மட்டும் மாற்றினோம்.