பக்கத்துத் தோட்டத்து நாயும் எங்கள் நாட்டுக்கோழிகளும்: வேலி வகைகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

காங்கேயம் பக்கம் பெரும்பாலான தோட்டங்களுக்குக் கிளுவை முள்தான் வேலி. மாடு தாண்டாது, ஆடு நுழையாது என்பதற்காகப் பெரியவர்கள் வைத்த வேலி அது. அந்த வேலைக்கு இன்றைக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் கோடையில் இலை முழுவதும் உதிர்ந்ததும் தூருக்குத் தூர் இடைவெளி தெரியத் தொடங்கும். மெலிந்த உடலுள்ள நாய்க்கு அந்த இடைவெளி போதும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பது சிப்பிப்பாறைக் கலப்பு. தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனத்தின் இரத்தம் அதில் ஓடுவதால், எது ஓடினாலும் துரத்தத் தோன்றுவது அதன் இயல்பு. பசிக்காக அது கோழியைப் பிடிப்பதில்லை. ஒன்றைக் கவ்வி உதறிப் போட்டுவிட்டு, சிறகடித்து ஓடும் அடுத்ததன் பின்னால் போகும். ஆகவே ஒரு முறை உள்ளே வந்தால் சேதம் ஒரு கோழியோடு நிற்பதில்லை. தப்பித்த பெட்டைகளும் அதிர்ச்சியில் பல நாள் முட்டையிடாமல் இருந்துவிடும்.

நாயின் உரிமையாளரிடம் பேசுவதுதான் முதல் வழி, அதைச் செய்தோம். "கட்டிப் போட்டா நாள் முழுக்கக் கத்துதுங்க தம்பி, அவுத்து விட்டா உங்க பக்கம் வந்துருது, நானும் என்னதான் பண்றது?" என்றார் அந்த அண்ணன். இறந்த கோழிகளுக்கு அவராகவே பணமும் கொடுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாயை எந்நேரமும் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படியே தவறு. வளர்ப்பு விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறும் உரிமையாளரைப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு தண்டிக்கிறது. கோழிக்காக அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையம் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விஷம் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. நாயைக் கொல்வது அதே நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி குற்றம். அது போதாதென்று, எங்கள் பகுதியில் திரியும் மயில்களும் அந்த விஷத்தைத் தின்னும். ஆகவே நாயைத் திருத்துவதை விட்டுவிட்டு, கோழி மேயும் இடத்தை அடைப்பது என்று முடிவு செய்தோம்.

அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையைத்தான் கடைக்காரர்கள் முதலில் எடுத்துப் போடுவார்கள், விலையும் குறைவு. கோழியை உள்ளே வைத்திருக்க அது போதுமானது. நாயை வெளியே நிறுத்த உதவாது. கண்கள் பற்ற வைக்கப்படாமல் முறுக்கி மட்டுமே பின்னப்பட்டிருப்பதால், நாய் ஓரிடத்தைப் பல்லால் பிடித்து இழுத்தாலே கம்பி நெகிழ்ந்து வழிவிடுகிறது. நைலான் வலையை ஒரு பருவத்திற்கு மேல் நான் வைத்திருக்கவில்லை. நாய் அதைக் கடித்தே அறுத்துவிட்டது. மேலும் எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பு அதில் சிக்கிக்கொண்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி விடுவிக்க வேண்டியிருந்தது. பருந்துக்காக மேலே கட்டும் வலையாக மட்டும் அதை இப்போது பயன்படுத்துகிறேன்.

இன்று வரை நிற்பது கல்லுக்கால் நட்டு, ஆளுயரத்திற்குச் செயின் லிங்க் (வைர வடிவக் கண்ணாகப் பின்னிய கம்பிவலை) கட்டி, கீழே முழங்கால் உயரம் வரை ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பற்ற வைத்த வலை) சேர்த்துக் கட்டிய வேலி. வலை தளர்வாக இருந்தால் நாய் மூக்கை விட்டு நெம்பும். எனவே மேலும் கீழும் நடுவிலும் இழுவைக் கம்பி ஓட வேண்டும். ஆனால் எவ்வளவு உயரமாகக் கட்டினாலும், எங்கள் அனுபவத்தில் நாய் தாண்டி வந்ததைவிடத் தோண்டி வந்ததே அதிகம். வேலியின் அடியில் கால் வைத்து, பிறை வடிவில் மண்ணை வாரி, தலை நுழையும் அளவு பள்ளமானதும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். செம்மண் நிலத்தில் மழை பெய்த மறுநாள் இதற்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை.

இதற்கு வலையை ஆழமாகப் புதைப்பதே தீர்வு என்று பலரும் சொல்வார்கள். ஓடைக்கல் நிறைந்த எங்கள் மண்ணில் கடப்பாரை போட்டு நீள வாய்க்கால் எடுப்பதற்கே கூலி வேலியின் விலையைத் தொட்டுவிடும். அதற்கு மாற்றாக, இரண்டடி அகல வெல்டு மெஷ்ஷை வேலியின் வெளிப்புறத்தில் தரையோடு தரையாகப் பாய் விரித்தாற்போல் போட்டு, அதன் உள் ஓரத்தை வேலியின் அடியோடு கட்டுக்கம்பியால் சாண் இடைவெளியில் முறுக்கி, வெளி ஓரத்தின் மேல் கல் ஏற்றினோம். நாய் தோண்டுவது எப்போதும் வேலியை ஒட்டியே. நகம் கம்பியில் பட்டதும் சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் முயல்கிறதே தவிர, இரண்டடி பின்வாங்கி அங்கிருந்து சுரங்கம் போட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அருகம்புல் கண்களின் ஊடே முளைத்து வலையை மண்ணோடு தைத்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பக்கம் புதிய பள்ளம் எதையும் நான் பார்க்கவில்லை. இதன் குறை, அந்த இரண்டடியில் அரிவாள் வைத்துப் புல் அறுக்க முடியாது, நுனி கம்பியில் பட்டு மழுங்கும். வேலிக்கு ஒதுக்கும் பணத்தில் எதைக் குறைத்தாலும் இந்த அடிவலையைக் குறைக்க வேண்டாம் என்பேன். உயரத்தில் ஓரடி குறைந்தால்கூடப் பாதகமில்லை.

சோலார் வேலியையும் ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் கண நேரத்திற்கு மட்டும் கம்பியில் பாயும். சுரீர் என்று இருக்குமே தவிர உயிருக்கு ஆபத்தில்லாதபடி, கம்பிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி வடிவமைக்கப்பட்டது. வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்குக் கொடுப்பது முற்றிலும் வேறு சமாச்சாரம். அது கொலைக்கருவி, சட்டப்படியும் குற்றம். நாய்க்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பியும் முழங்கால் உயரத்தில் ஒரு கம்பியும் போதும். ரோமம் மின்சாரத்தைத் தடுப்பதால் முதுகு உரசினால் பெரிதாகப் படாது. ஈர மூக்கு தொட்டால்தான் பாடம் கிடைக்கும். அப்படி மூக்கு தொட்ட அன்று அந்த நாய் எழுப்பிய ஊளை இரண்டு தோட்டத்திற்குக் கேட்டது.

ஆனால் எங்கள் பகுதிக்கு அதில் இரு பக்கமும் இடி. சித்திரை வைகாசியில் மண் காய்ந்துவிடுவதால் எர்த் (மண் வழியாக மின்சாரம் பெட்டிக்குத் திரும்பும் இணைப்பு) சரியாகக் கிடைக்காமல் அதிர்ச்சி வலுவிழக்கிறது. எர்த் கம்பியின் அடியில் தண்ணீர் ஊற்றியே சமாளிக்க வேண்டும். ஐப்பசி மழையில் மண் நன்றாக நனைந்தாலும், மளமளவென்று வளரும் புல் கம்பியைத் தொட்டு மின்சாரத்தைத் தரைக்கு இழுத்துவிடுகிறது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் அதன் ஆயுளும் குறையும். அன்றாடம் சுற்றிப் பார்க்க ஆள் இருக்கும் தோட்டத்திற்கு இதைப் பரிந்துரைப்பேன். வார இறுதியில் மட்டும் வருபவர்களுக்கு இது சரிப்படாது.

காவலுக்கென்று வாங்கிய கின்னிக்கோழிகள் அந்நிய உருவத்தைக் கண்டதும் ஊரைக் கூட்டும். அந்தச் சத்தம் கேட்டு ஓடி வர ஆள் இருந்தால் பயன் உண்டு, மற்றபடி அவை தம்மைத்தாம் காப்பாற்றிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். பின்மதிய நேரத்தில், நாம் கண் அயரும் சமயமாகப் பார்த்தே நாய் வருவதைக் கவனித்ததால், அடைகோழியையும் குஞ்சுகளையும் அந்நேரம் திறந்த வெளியில் விடுவதில்லை. குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் கூடையான கொடாப்பு அவற்றைப் பருந்திடமிருந்து காக்கும். நாய் அதை ஒரே முட்டில் கவிழ்த்துவிடும். கோழி அறுக்கும் நாளில் குடலையும் தலையையும் வேலிக்கு அப்பால் வீசும் வழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்தி, குழி தோண்டிப் புதைக்கிறோம். வேலி கட்டியும் நாய் வருவது குறையவில்லை என்பவர்கள் முதலில் இதைக் கவனிக்கலாம்.

கடிபட்டு உயிரோடு இருக்கும் கோழியை உடனே தனியே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை இரத்தத்தைக் கண்டு கொத்தும். இறகுக்கு அடியில் பல் இறங்கிய துளை சிறிதாகத்தான் தெரியும். இறகை விலக்கிப் பார்த்து, போவிடோன் அயோடின் வைத்து, ஈ மொய்க்காத இடத்தில் வைத்திருந்தால் பல பிழைத்திருக்கின்றன. புழு வைத்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே நல்லது.

இப்போதைய நிலவரம்: செயின் லிங்க் நன்றாக இருக்கிறது. தரையில் கிடக்கும் வெல்டு மெஷ்தான் மண்ணின் ஈரத்தில் பற்ற வைத்த இணைப்புகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து விட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது, குறிப்பாகத் தொட்டித் தண்ணீர் வழியும் பக்கத்தில். கதவின் அடியிலுள்ள சந்தும் மழை மண்ணை அரித்ததால் அகன்றிருக்கிறது. அங்கே ஒரு பலகைக்கல் பதிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தப் பக்கத்து அடிவலையை மட்டும், இன்னும் தடித்த கம்பியில், துத்தநாகப் பூச்சு கூடுதலாக உள்ளதாகப் பார்த்து மாற்றப் போகிறோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பாதிச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.