பழைய அம்பாசிடரும் பிஎஸ்6 பிக்கப்பும்: நெல்லை ரோட்டில் நாள்பட ஓட்டிப் பார்த்ததில்

இரண்டும் கெடுகிற விதம் நேர் எதிர். அம்பாசிடர் நிறுத்திப் போட்டால் கெடும். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6 டீசல் பிக்கப் பக்கத்துத் தெருவுக்கே ஓடிக்கொண்டிருந்தால் கெடும். வாங்குமுன் இதைத்தான் யோசிக்க வேண்டும், மைலேஜ் கணக்கெல்லாம் அப்புறம்.

1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் காலையில் ஸ்டார்ட் ஆக இழுத்தால், முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்டை, அதாவது திறந்து மூடி பிளக்குக்குப் பொறி வரவைக்கிற தொடுமுனையைப் பாருங்கள். முழுசாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிளக்குக்கு 25 தௌ. பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையென்றால் புதுப் பாயிண்டும் சீக்கிரமே தீயும்.

கிளட்ச் ஹவுசிங்குக்குக் கீழே ரெண்டு சொட்டு ஆயில் கிடந்தால் பதற வேண்டாம். அந்த இன்ஜினில் கிராங்க்கின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய திருகு வரிதான் ஆயிலை உள்ளே திருப்பிவிடுகிறது. வண்டி நின்றதும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால்தான் இன்ஜினை இறக்க வேண்டும். சித்திரை வெயிலில் வள்ளியூர்ப் பக்கம் மூச்சுத் திணறி நின்றால், பெட்ரோல் பம்புமேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்பு இழுக்க முடியாமல் நிற்பதுதான் காரணம்.

இப்போது பெரிய தலைவலி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஓஸ் உப்பும், பம்பு டயாப்ரம் கெடும், நின்ற டாங்கில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஓஸ் போட்டு, வாரம் ஒருமுறையாவது பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

பிக்கப்புக்கு வருவோம். களக்காட்டு ஏத்தன் வாழைத்தார் ஏற்றவா? வேறு யோசனையே வேண்டாம், இதுதான். ஆனால் அம்பாசமுத்திரம் கடைத்தெருவுக்குள்ளேயே நாளெல்லாம் சுற்றினால் சைலன்ஸர் வழியில் இருக்கிற டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி கரியால் அடைக்கும். அந்தக் கரியை எரித்துத் தள்ள நல்ல சூடு வேண்டும். அந்தச் சமயம் ஐடிலிங் கூடும், ஃபேன் விடாமல் ஓடும், தீய்ந்த வாடை வரும். அப்போது சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். பாதியில் பலமுறை அணைத்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறிக் காட்டும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். உடனே ஆயில் மாற்றியாக வேண்டும், அதுவும் கையேட்டில் போட்டிருக்கிற கிரேடுதான். வாரம் ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி வரை நாற்கரச் சாலையில் நிற்காமல் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

காலி வண்டியில் பின்பக்கம் துள்ளும். கமான் பட்டை லோடுக்காகவே கட்டியது. மழை ரோட்டில் பின்சக்கரம் சட்டென்று வழுக்கும், மெதுவாகவே போங்கள். வயசாளிகளைத் திருச்செந்தூர் கூட்டிப்போக அம்பாசிடர் சீட்டுக்கு ஈடில்லை.

உவரிப் பக்கத்து உப்புக் காற்று இரண்டையும் தின்னும். பிக்கப்புக்குத் தனிச் சேசிஸ் உண்டு, கழுவி பெயிண்ட் அடித்துச் சமாளிக்கலாம். அம்பாசிடருக்கு அது கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிதான் உடம்பைத் தாங்குகிறது. பழைய வண்டி வாங்கப் போனால் பக்கவாட்டில் ஜாக்கி வைத்து ஏற்றி, கதவைத் திறந்து மூடுங்கள். கதவு முட்டினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.