ஸ்டெல்லாரிஸ்: குண்டு நின்றதும் வானம் தெளிந்துவிடுகிறது

ஸ்டெல்லாரிஸ் தள்ளுபடியில் வந்திருக்கிறது, அபோகலிப்ஸ் இணைப்பையும் சேர்த்து வாங்கலாமா அண்ணா என்று கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் கேட்டார். 2016 மே மாதம் வெளியான, விண்வெளியில் பேரரசு கட்டும் கணினி விளையாட்டு இது; அபோகலிப்ஸ் அதற்குத் தனியாக விற்கும் கூடுதல் தொகுப்பு. பேரரசு கட்டுவது, ஆராய்ச்சி, கூட்டணி பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அவற்றில் எனக்குப் பெரிய குறை இல்லை. இத்தனை ஆண்டு விளையாடியும் ஆறாத எரிச்சல் ஒன்றுதான்: வானத்திலிருந்து குண்டு போட்டால் அந்தக் கிரகத்துக்கு என்ன ஆகிறது என்பது.

கப்பல்களை எதிரிக் கிரகத்தின் மேல் நிறுத்தி, குண்டுவீச்சு முறையைத் தேர்ந்தெடுக்கிறோம். செலக்டிவ் என்றால் பெரும்பாலும் காவல் படைக்கு அடி. இண்டிஸ்கிரிமினேட் என்றால் மக்களுக்கும் சேர்த்து. கிரகத்தின் சேத அளவு 0-இலிருந்து 100 சதவீதம் வரை ஏறும். உற்பத்தி சரியும், கட்டடங்கள் இடியும். இதுவரை நியாயம்தான். ஆனால் சேதம் 100-ஐத் தொட்டாலும் கடல் கிரகம் கடல் கிரகமாகவே இருக்கிறது. வெப்பநிலை மாறாது, வாழத் தகுதி குறையாது. போர் நின்றதும் அந்த எண் மாதாமாதம் தானாக இறங்கிவிடும்.

கிரகத்தின் தன்மையே மாற வேண்டுமானால் ஆர்மகெடன் என்ற முழு அழிப்புக் குண்டுவீச்சு முறை வேண்டும். அது எல்லாப் பேரரசுக்கும் கிடைக்காது. அதில் கடைசிக் குடியும் அழிந்த கணத்தில் கிரகம் கல்லறைக் கிரகமாகிவிடும், அதாவது பாழடைந்த கிரகம். அதற்கு முந்தைய மாதம்வரை பருவநிலை அப்படியே இருந்திருக்கும். நடுவே படிகளே இல்லை. இதுதான் கோபத்தைக் கிளப்புவது.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மார்ச்சில் கல்குவாரிச் சாலையோரத் தென்னை ஓலையெல்லாம் தூசி படிந்து வெளுத்துக் கிடக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்தால் ஒரே வாரத்தில் பச்சை திரும்பிவிடும். குண்டு கிளப்பும் எல்லாத் தூசியையும் விளையாட்டு இந்தக் குவாரித் தூசி போலவே நடத்துகிறது. மழை கழுவுவது மழைமேகம் எட்டும் உயரம்வரைதான். நம் அட்சரேகையில் அந்த எல்லை சுமார் 16, 17 கிலோமீட்டர். அதைத் தாண்டி ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேலடுக்குக்குப் போன நுண்துகளைக் கழுவ அங்கே மழை கிடையாது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் கந்தக டை ஆக்சைடை மேலே தள்ளியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது, பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு ஆண்டுபோல ஆயிற்று. நகரங்கள் எரிந்து எழும் கரி இதைவிடப் பொல்லாதது. அது வெயிலை உறிஞ்சிச் சூடாகி இன்னும் மேலே ஏறும், அதனால் இறங்க ஆண்டுக்கணக்காகும். அணுப்போருக்குப் பின் வரும் அணுக்குளிர்காலம் என்று டர்கோ, டூன், ஆக்கர்மன், போலக், சேகன் என்ற விஞ்ஞானிகள் ஐவரும் 1983-இல் எழுதியது இதைத்தான்.

எங்கே அடிக்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விழுந்த, சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் கந்தகம் அடங்கிய ஜிப்சம் நிறைந்த பாறையில் விழுந்ததால்தான் அத்தனை கந்தகம் வானேறியது. ஸ்டெல்லாரிஸில் பாலைவனத்தை அடித்தாலும் நகரக் கிரகத்தை அடித்தாலும் ஒரே அளவுகோல்.

அபோகலிப்ஸ் 2018 பிப்ரவரியில் கொலோசஸ் என்ற, கிரகத்தையே அழிக்கும் பெருங்கப்பலைக் கொண்டுவந்தது. காட்சி அபாரம், அதை மறுக்க மாட்டேன். அதன் ஆயுதங்களில் நியூட்ரான் ஸ்வீப் உயிர்களை மட்டும் அழிக்கும். கட்டடங்கள் நிற்கும், காலனிக் கப்பலை உடனே இறக்கலாம். செத்துப்போன காடும் அழுகும் கடலும் எங்கே? வேர்ல்டு கிராக்கர் கிரகத்தையே உடைக்கும். மிஞ்சும் சிதறலில் கனிமம் தோண்டலாம். அழித்தவருக்குப் பரிசு! 1993-இல் வந்த முதல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி விளையாட்டில்கூட உயிரியல் ஆயுதம் போட்டால் அந்தக் கிரகம் தாங்கக்கூடிய மக்கள்தொகையே குறையும், பிடித்தவர் அந்தக் குறையோடுதான் வாழ வேண்டும். 23 ஆண்டு கழித்து வந்த ஸ்டெல்லாரிஸில் அது இல்லை.

இதைச் சரியாகச் செய்திருப்பது ஆரோரா 4எக்ஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டு. இலவசம். ஏவுகணை கிரகத்தில் வெடித்தால் கதிர்வீச்சு, தூசி என்று இரண்டு கணக்கு தனித்தனியே ஏறும். கதிர்வீச்சு தொழிலுற்பத்தியைக் குறைக்கும். தூசி வெப்பநிலையை இறக்கும். வெப்பநிலை இறங்கினால் குடியிருப்புச் செலவு ஏறும். உள்கட்டமைப்பு போதாமல் மக்கள் சாவார்கள். பிடித்த பிறகும் இந்தக் கணக்கு நம் தலையில். அதனால் ஆலைகளோடு கிரகம் வேண்டுமானால் ஏவுகணையால் தரைப் பீரங்கிகளை மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்தைத் தரைப்படையிடம் விட வேண்டும். அவசரப்பட்டு ஏவுகணைக் கிடங்கைக் காலிசெய்தால் உறைந்த கிரகம்தான் மிஞ்சும். கரியையும் மண்தூசியையும் ஆரோராவும் பிரிப்பதில்லை, அது குறைதான். திரை முழுக்க அட்டவணை வேறு.

ஸ்டெல்லாரிஸிலேயே ஓரளவு ஈடுகட்ட வழி உண்டு. அயர்ன்மேன் முறை இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்குங்கள், அந்த முறையில் கட்டளை தட்டும் கன்சோல் திறக்காது. சேதம் 50 சதவீதம் தாண்டிய கிரகத்தைப் பிடித்ததும் முதலில் சேமித்துவிட்டு, கிரகத்தைத் தேர்ந்தெடுத்து, கிரக வகை மாற்றும் கட்டளையால் உறைபனி வகையாக்குங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். 10 ஆட்ட ஆண்டு கழித்து நீங்களேதான் பழைய வகைக்குத் திருப்ப வேண்டும், தானாகத் திரும்பாது. கல்லறைக் கிரகமாகவே ஆக்கிவிட்டால் கிளைமேட் ரெஸ்டோரேஷன் ஆராய்ச்சி முடியும்வரை அதை மாற்றியமைக்க முடியாது. அதை மட்டும் விளையாட்டு நேர்மையாக வைத்திருக்கிறது.

தம்பிக்குப் பதில்: ஸ்டெல்லாரிஸை வாங்குங்கள். ஆரோராவை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான். ஆனாலும் மாலையில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் நான் திறப்பது ஸ்டெல்லாரிஸைத்தான். அபோகலிப்ஸை மட்டும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.